நான் சரி என்று சொன்ன பத்தொன்பது சொற்கள்

தம்பி,

பள்ளி மலருக்கு ஒரு கடிதம் எழுதித் தரும்படி தலைமையாசிரியை கேட்டார். பெற்றோர் தினத்துக்கு அச்சடிக்கிற மலர். "டீச்சர், நீங்கதான் நல்லா எழுதுவீங்க. வளர்ந்த மகனுக்கு ஒரு அம்மா எழுதற மாதிரி ரெண்டு பக்கம். புத்திமதியா இருக்கட்டும்" என்றார். பாலர் பள்ளியில் பதினாறு வருடமாக ஆறு வயதுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறவளுக்கு இருபத்து நான்கு வயது மகனுக்குப் புத்தி சொல்வது பெரிய காரியமா என்று அவர் நினைத்திருக்கலாம். மூன்று முறை தொடங்கினேன். மூன்று முறையும் "நேர்மையாக இரு" என்கிற வரிக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. அந்த வரியை உனக்கு எழுத எனக்குத் தகுதி இல்லை. அது எனக்குத் தெரியும், உனக்குத் தெரியாது. எனவே புத்திமதியை விட்டுவிட்டு நடந்ததையே எழுதுகிறேன். இது மலரில் வரட்டுமா வேண்டாமா என்று படித்த பிறகு நீயே சொல். போன மாதம் பிரெஞ்சு வாய்மொழித் தேர்வில் நீ தோற்றதற்கு உன் நாக்கு காரணமில்லை. நான்தான் காரணம். முதலிலேயே சொல்லிவிட்டேன். எப்படி என்பதை இனி சொல்கிறேன்.

நான் எதையும் லேசில் நம்பாதவள் என்பது உனக்குத் தெரியும். "பேப்பர்ல மழைன்னு போட்டிருந்தாலும் உங்கம்மா வெளிய வந்து கைய நீட்டிப் பாத்துட்டுத்தான் நம்புவா" என்று உன் அப்பா சொல்வார். இந்த வருடத் தொடக்கத்தில் உன் அறைக்குள்ளிருந்து ஒரு பெண்ணின் குரல் கேட்டது. ஈரத்துணிக் கூடையோடு கதவுக்கு வெளியே நின்றுவிட்டேன். அவள் மெதுவாக, மிருதுவாக ஏதோ சொல்கிறாள். கொஞ்சம் இடைவெளி. நீ அதையே திரும்பச் சொல்கிறாய். மறுபடியும் அவள், மறுபடியும் நீ. நேராக உன் அப்பாவிடம் போனேன். எண்ணெய்ப்பனைக் குலை ஏற்றுகிற லோரியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "உள்ள ஒரு பொம்பள குரல் கேக்குது" என்றேன். "நல்லதுதான லா. ஆம்பள குரல் கேட்டா திருடன்னு நெனைக்கலாம்" என்றார். அவருக்கு எல்லாம் விளையாட்டு. உன்னிடம் கேட்டபோது, சிரம்பானில் சனிக்கிழமை பிரெஞ்சு வகுப்பில் சேர்ந்திருப்பதாகவும், அது ஆசிரியை பதிவு செய்து அனுப்பிய பாடம் என்றும் சொன்னாய். நான் தலையை ஆட்டினேன். ஆனால் நம்பவில்லை. மறுநாள் பள்ளி இடைவேளையில் அந்த மொழி நிலையத்துக்கு ஃபோன் செய்து, சனிக்கிழமை வகுப்பு உண்மையாகவே நடக்கிறதா என்று கேட்டேன். அடுத்த வாரம் நீ சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே சொன்னாய்: "அம்மா, யாரோ ஒரு அம்மா ஃபோன் பண்ணி எங்க வகுப்பு நெசமாவே நடக்குதான்னு கேட்டாங்களாம். பாவம் லா அந்தப் பையன்." நானும் சிரித்தேன். ரசத்தை இன்னொரு கரண்டி ஊற்றினேன்.

போர்ட் டிக்சன் ஹோட்டல் சமையலறையில் நீ வேலைக்குச் சேர்ந்து மூன்று வருடமாகிறது. உங்கள் தலைமைச் சமையல்காரர் உன் கைவேலையைப் பார்த்து, பிரான்ஸில் தனக்குத் தெரிந்த ஒரு ஹோட்டலுக்குப் பயிற்சிக்கு அனுப்பப் பரிந்துரைத்திருக்கிறார், அதற்குப் பிரெஞ்சு வாய்மொழித் தேர்வில் தேற வேண்டும் என்பதை நீ எங்களிடம் சொன்னது மார்ச் மாதம். எனக்கு அது பிப்ரவரியிலேயே தெரியும். உன் நோட்டுப்புத்தகத்தை எடுத்துப் பார்த்தபோது நடுவில் அந்தக் கடிதம் மடித்து வைக்கப்பட்டிருந்தது. அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன். முதலில் நோட்டுப்புத்தகம். பக்கம் பக்கமாகச் சொற்கள். ஒவ்வொரு சொல்லும் சாய்கோடு போட்டு இரண்டாகவும் மூன்றாகவும் வெட்டப்பட்டிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குப் பள்ளியில் ஐந்தாம் படிவம் படித்த வருடம் ஞாபகம் வந்தது. ரந்தாவ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் இருந்துகொண்டு தமிழ் இலக்கியத்தை ஒரு பாடமாக எடுத்த நான்கு பேரில் நானும் ஒருத்தி. மற்ற மூவருக்கும் செய்யுளை அசை பிரிப்பது தண்டனை மாதிரி. எனக்கோ அது பலகாரம். நேர், நிரை என்று பென்சிலால் வெட்டிக்கொண்டே போவேன். தோட்டத்து அறிவிப்புப் பலகையைக்கூட விட்டதில்லை. ஆக, உன் நோட்டைப் பார்த்ததும் நீ யாருக்கோ கவிதை எழுதப் பழகுகிறாய் என்று முடிவு கட்டினேன். பிறகு ஃபோனில் ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் தேடினேன். எல்லாம் வினைச்சொற்கள். பேசு. முடி. வேலை செய். புறப்படு. தங்கு. குடியிரு. நான் புறப்படுகிறேன், நீ புறப்படுகிறாய், நாங்கள் புறப்படுவோம் என்று ஒரு முழுப் பக்கம். முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை இரண்டு முறை புரட்டினேன். 'திரும்பி வா' என்கிற சொல் எங்கேயும் இல்லை. அது எட்டாம் பாடத்தில் வரும், நீ அப்போது ஐந்தாம் பாடத்தில்தான் இருந்தாய் என்பது பிற்பாடு தெரிந்தது. ஆனால் அன்றைக்கு எனக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை.

இதெல்லாம் போகட்டும், நீயாக வந்து என்னிடம் உதவி கேட்ட நாளைச் சொல்கிறேன். "டீச்சர் சொல்றாங்க, தனியா படிச்சா நம்ம தப்பு நமக்கே கேக்காதாம். யாராச்சும் எதிர்ல உக்காந்து கேக்கணுமாம். நீ கேக்கறியாமா?" என்றாய். ஏன் என்னைக் கேட்டாய் என்பது நம் இருவருக்கும் தெரியும். ஆறு வயதில் உனக்கு வார்த்தைகள் திக்கும். 'ப'வும் 'க'வும் உன் உதட்டிலும் தொண்டையிலும் மாட்டிக்கொண்டு வெளியே வராது. முகம் சிவந்து, கண்ணில் தண்ணீர் நிற்கும். கல்யாண வீட்டில் ஒரு பெரியவர் உன்னைப் போலவே பேசிக் காட்டிச் சிரித்தார். நீ மூன்று நாள் வாயையே திறக்கவில்லை. அப்போதுதான் காலி பிஸ்கட் டின்னைக் கவிழ்த்து வைத்து, கரண்டியால் தட்டி, ஒவ்வொரு சொல்லையும் அசை அசையாகப் பிரித்துச் சொல்ல வைத்தேன். க–த–வு. ப–ழம். கரண்டி விழுகிற நேரத்தில் உனக்குச் சொல் விழுந்தது. இரண்டு வருடம் தினமும் அரை மணி நேரம். நான்காம் வகுப்பில் மேடை ஏறிக் கதை சொன்னாய். இறங்கி வந்து, "மனசுக்குள்ள நீ தட்டிக்கிட்டே இருந்தம்மா" என்றாய். அதன் பிறகு உன் பேச்சு நின்றதில்லை. உலகத்தில் வேறு யாருடைய காதையும்விட என் காதைத்தான் நீ நம்பினாய்.

முதல் நாள் பாடம் உனக்கு ஞாபகம் இருக்கும். பாலர் பள்ளியில் மலாய் படிக்கக் கற்றுக்கொடுக்கிற முறைதான் எனக்குத் தெரிந்த முறை. பா, சா, பாச்சா என்றால் படி. மா, தா, மாத்தா என்றால் கண். எழுதியிருப்பது அத்தனையும் ஒலிக்கும், ஒவ்வொரு துண்டுக்கும் ஒரே அளவு தட்டு. அதே கணக்கில் உன் நோட்டை எடுத்தேன். 'அவர்கள் பேசுகிறார்கள்' என்பதற்கான சொல்லை எழுத்துக் கூட்டி, "பார்… லென்… து" என்று மேசையில் மூன்று தட்டுத் தட்டினேன். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய்.

"அம்மா, ஒரே தட்டுதான். பார்ல். அவ்வளவுதான்."

"பின்னால மூணு எழுத்து இருக்கே?"

"அதெல்லாம் சும்மா லா. எழுத்துல மட்டும் இருக்கும். வாயில வராது."

"வராதத எதுக்கு எழுதறான்?"

"எனக்கு எப்படிமா தெரியும்?"

சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த உன் அப்பா தலையைத் தூக்காமலே சொன்னார்: "பாதிய மறச்சுப் பேசற பாஷ. உங்கம்மாவுக்குன்னே செஞ்சிருக்கான்." அடுத்து நீ மூக்கால் ஒலிக்கிற சொற்களைச் சொல்லிக் காட்டியபோது, "இவனுக்கு என்னா, வாயில சுடுசோறா?" என்றார். அன்று நாம் மூவரும் சிரித்த சிரிப்பில் கலப்படம் இல்லை. அன்றைக்கு நான் செய்தது தெரியாமல் செய்த பிழை. அதையும் பிறகு செய்ததையும் ஒன்றாகச் சேர்த்துவிடாதே.

என்னைப் பற்றி இன்னொன்றும் உனக்குத் தெரியும். ஒரு விஷயம் தெரியவில்லை என்றால் எனக்குத் தூக்கம் பிடிக்காது. நீ வேலைக்குப் போன நேரத்தில் உன் ஆசிரியையின் பதிவுகளை நானே போட்டுக் கேட்டேன். எனக்கென்று ஒரு நோட்டு வாங்கினேன். நீ என்ன பேசுகிறாய் என்று வேவு பார்க்கத்தான் தொடங்கினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பத்து நாளில் எனக்கு ஆசை வந்துவிட்டது. அசையைக் கண்ணால் எண்ணக் கூடாது, வாயால் எண்ண வேண்டும் என்று புரிந்தது. சொல்லின் வாலில் வருகிற மெல்லிய ஒலி கணக்கில் சேராது. மிச்சமிருப்பதில் கடைசி அசை எதுவோ அதன் மேல்தான் கனம். 'நாங்கள் பேசுகிறோம்' என்றால் பார்–லோன். கனம் 'லோன்' மேல். 'நாங்கள் முடிக்கிறோம்' என்றால் ஃபி–னி–சோன். கனம் 'சோன்' மேல். பின்னால் இன்னொரு சொல் வந்து ஒட்டிக்கொண்டால், கனம் இந்தச் சொல்லை விட்டுவிட்டு அந்தச் சொல்லின் கடைசிக்குப் போய்விடும். நம் வாய் இதற்கு நேர் எதிர். நாம் எந்தச் சொல்லையும் முதல் அசையில் ஊன்றித்தான் தொடங்குகிறோம். நீயும் அப்படித்தான் ஊன்றினாய். உன்னால் அதைக் கேட்க முடியவில்லை. எனக்குக் கேட்டது. ஒரு மாதத்தில், உன் ஆசிரியையின் குரலுக்கும் உன் குரலுக்கும் நடுவில் இருக்கிற வித்தியாசத்தைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்கிற அளவுக்கு என் காது பழகிவிட்டது. முதல் சில வாரம் ஒழுங்காகத்தான் திருத்தினேன். நீ வேகமாகத் தேறினாய்.

இப்போது அந்தக் கடிதத்துக்கு வருகிறேன். ஒரு வருடப் பயிற்சி என்று நீ எங்களிடம் சொன்னாய். கடிதத்தில் ஒரு வருடம் என்றுதான் இருந்தது. அதற்கு அடுத்த வரியில், தேவைப்பட்டால் காலம் நீட்டிக்கப்படலாம் என்றும் இருந்தது. அந்த வரியை நீ எங்களிடம் சொல்லவில்லை. முக்கியமில்லை என்று நினைத்திருப்பாய். நான் அதை எத்தனை முறை படித்தேன் என்று எனக்கே தெரியாது. உன் பெரிய மாமாவைப் பற்றி நான் அதிகம் பேசியதில்லை. என் ஒரே அண்ணன். தோட்டம் கைமாறியபோது சிங்கப்பூரில் கப்பல் பட்டறை வேலைக்கு இரண்டு வருடம் என்று சொல்லிப் போனார். பஸ் ஏறும்போது என்னிடம் அவருடைய சைக்கிள் சாவியைக் கொடுத்து, "துரு புடிக்காம பாத்துக்க" என்றார். முதலில் வாரம் ஒரு ஃபோன். பிறகு தீபாவளிக்கு ஒரு ஃபோன். பிறகு அதுவும் இல்லை. செத்துப்போனார் என்றால் அழுது முடித்திருப்போம். அவர் நன்றாகத்தான் இருக்கிறார் என்று பார்த்தவர்கள் வந்து சொன்னார்கள். என் அம்மாவின் கருமாதிக்கும் வரவில்லை. அதிலிருந்து யாராவது 'ஒரு வருடம்' என்றோ 'இரண்டு வருடம்' என்றோ சொன்னால் என் காது அந்த எண்ணைக் கேட்பதே இல்லை. அதற்குப் பின்னால் சொல்லாமல் விட்டது என்ன என்றுதான் தேடுகிறது.

அந்த முதல் 'சரி' எப்படி நடந்தது என்று சொல்கிறேன். ஒரு மாலை, நாம் இருவரும் மேசையில். நீ 'நான் புறப்படுவேன்' என்பதற்கான சொல்லைச் சொன்னாய். பார்–தி–ரே. கனம் 'ரே' மேல் விழ வேண்டும். நீ 'பார்' மேல் போட்டாய். திருத்த வாயைத் திறந்தேன். அதே நேரத்தில் நீ உற்சாகமாக, "அங்க குளிர் வந்தா மாசக்கணக்கா போகாதாம் லா. எனக்குப் புடிச்சிடும்னு நெனைக்கறேன். எனக்கு இங்க வெயில்தான் ஒத்துக்கல" என்றாய். திறந்த வாயிலிருந்து "சரி" என்று வந்தது. நீ அதற்குப் பக்கத்தில் ஒரு டிக் போட்டுவிட்டு அடுத்த சொல்லுக்குப் போனாய். அது கைதவறி விழுந்தது என்று வைத்துக்கொள். ஆனால் மறுநாளும் அதே சொல்லுக்கு "சரி" என்றேனே, அது கைதவறி விழுந்தது இல்லை. அதற்கடுத்த நாள் இன்னும் இரண்டு சொற்கள். ஏற்கெனவே நான் திருத்தியிருந்த சொற்களைக்கூட நீ மறந்துபோய்ப் பழையபடி சொன்னபோது "சரி" என்றேன். எல்லாவற்றையும் விட்டால் உனக்குச் சந்தேகம் வரும் என்று நடுநடுவே ஒன்றிரண்டை மட்டும் திருத்தினேன். அந்த அளவுக்கு யோசித்துச் செய்தேன். என் நோட்டின் கடைசிப் பக்கத்தில் அந்தச் சொற்களை எழுதியும் வைத்தேன். எதையும் எழுதிவைக்கிற பழக்கம். மொத்தம் பத்தொன்பது. நீ தேறாமல் போனால் போதும், வேறு ஒன்றும் ஆகிவிடாது, இங்கேயே இன்னும் நல்ல ஹோட்டலுக்குப் போவாய், கோலாலம்பூருக்குக்கூடப் போவாய், வாரம் ஒருமுறை வருவாய் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

தேர்வன்று அப்பா உன்னை சிரம்பான் வரை கொண்டுபோய் கோலாலம்பூர் ரயில் ஏற்றிவிட்டார். நீ மாலை ஐந்து மணிக்குத் திரும்பி வந்தாய். செருப்பை வழக்கத்துக்கு மாறாக ஒழுங்காக ஜோடி சேர்த்து வைத்தாய். அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. "என்னாச்சு?" என்று அப்பா கேட்டார். "கெடைக்கல பா. நான் பேசறதுல ஒரு சொல் எங்க முடியுது, அடுத்தது எங்க ஆரம்பிக்குதுன்னே தெரியலயாம்" என்றாய். நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன். நீ அதை வாங்கிக்கொண்டு, எனக்கு ஆறுதல் சொன்னாய். "நீ என்னாமா பண்ணுவ. உன் காதுல தப்பு இல்ல. நீ கேக்கறப்ப சரியாத்தான் சொல்லிருக்கேன். அங்க போய் உக்காந்ததும் என் நாக்கு பழையபடி ஆயிடுச்சு போல." அந்த இடத்தில் நான் பேசியிருந்தால் இந்தக் கடிதம் தேவைப்பட்டிருக்காது. ஆனால் எனக்கு அப்போது முதலில் வந்தது என்ன தெரியுமா? நிம்மதி. நீ போகப் போவதில்லை என்கிற நிம்மதி. வெட்கம் அதற்கு அப்புறம்தான் வந்தது. அதுவும் சின்னதாக.

பெரிதாக வந்தது போன ஞாயிற்றுக்கிழமை. ரந்தாவ் காலைச் சந்தையில் கீரை வாங்கிக்கொண்டிருந்தேன். உன்னோடு வேலை செய்கிற சைஃபுல் தன் மோட்டர் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்தான். "மக்சிக், உங்க மகனுக்கு உடம்புக்கு ஏதாவதா?" என்று, எப்போதும்போல அத்தை முறை வைத்து மலாயில் கேட்டான். சமையலறையில் ஆர்டர் வந்தால் அடுப்பில் நிற்கிறவன் அதை உரக்கத் திருப்பிச் சொல்ல வேண்டுமாமே. நீ ஒரு மாதமாகத் திருப்பிச் சொல்வதில்லையாம். தலையை மட்டும் ஆட்டுகிறாயாம். ஒரு நாள் சொல்லத் தொடங்கி, முதல் எழுத்திலேயே நின்று, முகம் சிவந்துவிட்டாயாம். அடுப்புப் பக்கத்திலிருந்து உன்னைப் பின்கட்டில் காய்கறி நறுக்குகிற மேசைக்கு மாற்றிவிட்டார்களாம். "அவனே கேட்டு மாறிக்கிட்டான் மக்சிக். இவ்வளவு நல்லா சமைக்கிறவன்" என்று சொல்லிவிட்டு அவன் போய்விட்டான். கீரைக்காரம்மா மிச்சக் காசை நீட்டிக்கொண்டே இருந்தார். நான் வாங்காமல் நின்றேன். உன்னை இந்த ஊரில் நிறுத்திவைக்கத்தான் நான் அதைச் செய்தேன். நீ இந்த ஊரிலேயே, என் கண் முன்னாலேயே, ஆறு வயதுக்குத் திரும்பிக்கொண்டிருந்தாய். தேர்வில் தோற்றது பெரிதில்லை. உன் நாக்கை நீ மறுபடியும் சந்தேகப்படத் தொடங்கிவிட்டாய். என்னுடைய சந்தேகத்தை எடுத்து உன் வாயில் வைத்துவிட்டேன்.

எனவே இதைக் கவனமாகப் படி. உன் நாக்கு திக்கவில்லை. பிழையான இடத்தில் ஊன்றும்படி இரண்டு மாதம் அதற்குப் பழக்கிக்கொடுத்தேன், அது ஒழுங்காகப் பழகிக்கொண்டது. என்னிடம் என்ன சொன்னாயோ அதையே, ஒரு இம்மியும் பிசகாமல், அங்கே போய்ச் சொன்னாய். கேட்டவருக்குப் புரியாமல் போனது அதனால்தான். பத்தொன்பது சொற்களும் என் நோட்டின் கடைசிப் பக்கத்தில் இருக்கின்றன. நோட்டை இந்தக் கடிதத்தோடு வைக்கிறேன். ஒவ்வொன்றையும் புதிதாக அசை பிரித்து, கனம் விழ வேண்டிய இடத்தில் சிவப்புப் புள்ளி வைத்திருக்கிறேன். வருகிற சனிக்கிழமை அதே தேர்வுக்கு இரண்டாம் முறை போக எழுதிப் போட்டிருக்கிறாய் என்று அப்பா சொன்னார். என்னிடம் நீ சொல்லவில்லை. அதுவும் நியாயம்தான்.

ஆனால் என் சிவப்புப் புள்ளிகளையும் அப்படியே நம்பிவிடாதே. ஆசிரியையின் பதிவைப் போட்டு ஒவ்வொன்றையும் ஒத்துப் பார். முடிந்தால் வேறு யாரையாவது எதிரில் உட்கார வை. இந்தக் கடிதத்தையேகூட நீ சந்தேகப்படலாம். இவ்வளவு அழுது எழுதினால் மகன் மனமிரங்கி நின்றுவிடுவான் என்று அம்மா கணக்குப் போட்டிருக்கிறாளோ என்று நினைக்கலாம். எனக்கே அந்தச் சந்தேகம் இருக்கிறது. அதனால்தான் எழுதும்போது இரண்டு இடத்தில் 'என் செல்லமே' என்று வந்ததை அடித்துவிட்டேன். புத்திமதி கேட்டார்களே தலைமையாசிரியை, என்னிடம் ஒன்றே ஒன்று இருக்கிறது. உன்மேல் பாசம் வைத்திருக்கிறவர்கள் உன்னிடம் "சரி, சரி" என்று சொல்லிக்கொண்டே போனால், அவர்களுக்கு அதில் என்ன வேண்டியிருக்கிறது என்று ஒரு முறை யோசித்துப் பார். "தப்பு" என்று சொல்கிறவரிடம் அந்தக் கேள்வி அநேகமாகத் தேவைப்படாது. பாலர் பள்ளியில் பதினாறு வருடம் பிள்ளைகளைத் திருத்திய எனக்கு இது இப்போதுதான் தெரிகிறது. இன்னொன்றையும் மறைக்க விரும்பவில்லை. நீ போனால் திரும்பி வருவாய் என்று இன்றைக்கும் நான் நம்பவில்லை. நம்புகிறேன் என்று எழுதினால் கடிதம் அழகாக முடியும். ஆனால் அது பொய். நம்பாமலேயே உன்னை அனுப்ப வேண்டியிருக்கிறது. மற்ற அம்மாக்கள் எப்படிச் செய்கிறார்கள் என்று தெரியவில்லை.

இவ்வளவு எழுதி, தேநீர் போட எழுந்தேன். நீ லுக்குட்டுக்குப் போய் மோட்டருக்குச் சங்கிலி மாற்றிக்கொண்டு வந்துவிட்டாய். இன்று செவ்வாய், உனக்கு விடுமுறை. எனக்குப் பள்ளி விடுமுறை. "சாப்பிடறியா?" என்றேன். "அப்புறமா" என்று சொல்லி அறைக்குள் போனாய். கதவைச் சாத்தினாய். கொஞ்ச நேரத்தில் உன் ஆசிரியையின் குரல் கேட்டது, பிறகு மிகத் தாழ்ந்த குரலில் நீ. யாரும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோலச் சொல்கிறாய். நான் மறுபடி வந்து பேனாவை எடுத்தேன். கடிதத்தை உன் மோட்டர் இருக்கைக்குக் கீழே வைத்துவிட்டு, நீ வேலைக்குப் போய்ப் படிக்கட்டும் என்று இருந்தேன். அதிலும் ஒரு தந்திரம் இருக்கிறது, பார். நீ படிக்கும்போது நான் எதிரில் இருக்க வேண்டாம் என்கிற தந்திரம்.

'நாங்கள் வேலை செய்கிறோம்' என்று சொல்கிறாய். த்ரா–வா–யோன். 'த்ரா' மேல் ஊன்றுகிறாய். பட்டியலில் ஏழாவது சொல்.

"தப்பு!" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன்.

பதிவு நின்றது.

"என்னாமா?" என்றாய் உள்ளிருந்து.

"த்ராவாயோன். கடைசியில ஊனணும். நீ முதல்லயே ஊனிட்ட."

பிறகு சொன்னாய். த்ரா–வா–யோன்.

"ம். இதுதான்."

"ஃபினிசோன்."

"தப்பு."

"இதுவுமா?"

"இதுவும். ஃபினி… சோன். சோன்ல."

மறுபடி சொன்னாய். சரியாக வந்தது. அடுத்த சொல்லுக்கு நீ போகவில்லை.

"அம்மா."

"ம்."

"இத ரெண்டு மாசமா நான் இப்படித்தான சொல்லிக்கிட்டு இருந்தேன்?"

"ஆமா."

"நீ சரின்னு சொன்ன."

"ஆமா தம்பி."

"அப்ப உனக்குக் கேக்கலயா?"

சுவருக்கு அந்தப் பக்கம் நீ, இந்தப் பக்கம் நான். கேட்கவில்லை என்று சொன்னால் போதும். வயதாகிவிட்டது, காது மந்தம் என்று நம்பிவிடுவாய். இத்தனை பக்கமும் எழுதிய பிறகும் அந்தப் பொய் என் நாக்கு நுனியில் வந்து நின்றது.

"கேட்டுச்சு" என்றேன்.

உன் நாற்காலி பின்னால் நகர்கிற சத்தம். எழுந்துவிட்டாய். சமையலறைப் பக்கம் வருகிறாயா, வாசல் பக்கம் போகிறாயா என்று இங்கிருந்து தெரியவில்லை. தாள்களை மூடாமல், எழுத்து உன் பக்கம் பார்க்கிற மாதிரி திருப்பி வைக்கிறேன்.